காலி மதிப்புக்கு மொழியில ஒரே ஒரு 'வெறுமை' போதுமா?

கேள்வி, ஜூன் 3

சொந்தமா ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி எழுதிட்டு இருக்கேன். டைப் எதுவும் அறிவிக்க வேண்டாம், பைத்தான் மாதிரி. பார்சர் (எழுதின கோடைப் படிச்சுப் பிரிக்கற பகுதி) முடிஞ்சுது, இப்ப காலி மதிப்புல நிக்கறேன். என் திட்டம்: 'வெறுமை'ன்னு ஒண்ணே ஒண்ணு. சைபர், காலி ஸ்ட்ரிங், காலி லிஸ்ட், வெறுமை நாலுமே இஃப்ல பொய். மேப்ல (கீ கொடுத்தா அதுக்கான மதிப்பைத் தர்ற பட்டியல்) இல்லாத கீயைக் கேட்டா வெறுமை. வெறுமையோட எதைக் கூட்டினாலும் வெறுமை. எர்ரரே வராது. புதுசா கத்துக்கறவங்களுக்கு இதைவிட எளிமையா பண்ண முடியாதுன்னு நினைக்கறேன். யாராவது மறுத்துப் பேசுங்க.

ஜூன் 3, இரவு 10:20

மறுக்கறேன். நீங்க ஒரு முடிவுன்னு நினைச்சு எழுதினதுக்குள்ள மூணு முடிவு இருக்கு: இஃப்ல எது எது பொய், இல்லாததைக் கேட்டா என்ன கிடைக்கும், வெறுமை கணக்குக்குள்ள வந்தா என்ன ஆகும். மூணையும் தனித்தனியா முடிவு பண்ணணும். இன்னிக்கு இஃப் மட்டும்.

நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு செட்டிங், ரிக்வெஸ்ட் ஃபெயில் ஆனா எத்தனை தடவை திரும்ப முயற்சி பண்ணணும்னு. ஸ்கிரீன்ல 0 போட்டு சேவ் பண்ணியாச்சு. டேட்டாபேஸ்ல பார்த்தா 0. ஸ்கிரீனை மூடித் திறந்தாலும் 0. ஆனா லாக்ல பார்த்தா ஒவ்வொரு ஃபெயிலுக்கும் கீழ வரிசையா மூணு முயற்சி ஓடியிருக்கு. கடைசில கோடுல இருந்தது `முயற்சி || 3`, இடது பக்கம் பொய்னா வலது பக்கத்தை எடுன்னு அர்த்தம். ஜாவாஸ்கிரிப்ட்ல 0 பொய், அதனால சத்தமில்லாம 3 வந்து உட்கார்ந்துக்கும். இந்தத் தொல்லைக்காகத்தான் 2020ல `??` சேர்த்தாங்க, அது நல், அன்டிஃபைன்ட்ங்கற ரெண்டு காலி மதிப்புக்கு மட்டும் வலது பக்கம் போகும், 0 வந்தா 0ஐயே கொடுக்கும்.

பைத்தான்ல இன்னும் வேடிக்கை. 2015ல 3.5 வர்றதுக்கு முன்னாடி நள்ளிரவு 00:00ங்கற டைம் ஆப்ஜெக்ட் பொய்! `இஃப் நேரம்`னு எழுதின கோடு நாள் பூரா ஒழுங்கா ஓடும், நள்ளிரவு மதிப்பு வந்தா மட்டும் 'நேரம் கொடுக்கலை'ன்னு எடுத்துக்கும். டெஸ்ட் எழுதறவன் காலைல 10 மணி, சாயங்காலம் 4 மணின்னுதான் போட்டுப் பார்ப்பான், எவன் 00:00 போட்டுப் பார்க்கறான்.

ரூபி, லுவா ரெண்டுலயும் நில்ங்கற காலி மதிப்பும் பொய்யும் மட்டும்தான் பொய், சைபர் கூட உண்மைதான். முதல்ல பார்க்க விநோதமா இருக்கும், பழகினப்புறம் நிம்மதி. நீங்களும் அப்படியே வெச்சுக்கங்க. காலி லிஸ்ட்டான்னு தெரியணும்னா `நீளம் == 0`ன்னு எழுதட்டும், கை ஒண்ணும் ஒடிஞ்சு போயிடாது.

ஜூன் 4, காலை

இல்லாத கீ. இங்கதான் எனக்கு உங்க மேல உண்மையான கோபம்.

மேப்ல கீயே இல்ல, கீ இருக்கு ஆனா அதுல வெறுமை இருக்கு, ரெண்டும் வேற வேற செய்தி. ஜாவால ஹேஷ்மேப் கெட் ரெண்டுக்கும் நல் தான் கொடுக்கும், வித்தியாசம் வேணும்னா கன்டெய்ன்ஸ்கீன்னு தனியா இன்னொரு தடவை கேட்கணும். லுவால நில்லைப் போட்டாலே அந்தக் கீ டேபிளை விட்டுப் போயிடும், 'வேணும்னுதான் காலியா வெச்சேன்'னு சொல்றதுக்கே வழி கிடையாது. காமன் லிஸ்ப்ல மட்டும் அழகா ரெண்டு மதிப்பு திரும்பி வரும்: மதிப்பு ஒண்ணு, கிடைச்சுதா இல்லையாங்கறது இன்னொண்ணு. கோ மொழி மேப்லயும் அதே பழக்கம்தான்.

வெறுமை கொடுக்கறதுல இருக்கற பெரிய கஷ்டம், தப்பு நடந்த இடம் ஒண்ணு, வெடிக்கற இடம் இன்னொண்ணு. கீ பேருல ஒரு எழுத்து மாறிப் போச்சு, வெறுமை வந்துச்சு, அதை இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினோம், அது ஃபைல்ல எழுதுச்சு, மறுநாள் வேற எவனோ படிக்கும்போது உடையுது. எர்ரரே வராதுன்னு பெருமையா சொல்றீங்களே, எர்ரர் வரும், வேற ஆள் மேசைல வரும்.

ஜூன் 4, காலை, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல விட்டுப்போனது. வெறுமைக்குப் பதிலா ஒரு சாதாரண எண்ணைக் கொடுக்கறது இதைவிட மோசம். பைத்தான்ல ஸ்ட்ரிங் ஃபைண்ட் கிடைக்கலைன்னா -1 கொடுக்கும். அதே பைத்தான்ல -1ங்கறது கடைசி எழுத்தோட இன்டெக்ஸ். தேடின எழுத்தே இல்ல, ஆனா அந்த விடையை அப்படியே இன்டெக்ஸா போட்டா கடைசி எழுத்து ஜம்முனு வந்து நிக்கும். அதுக்குப் பக்கத்துலயே இன்டெக்ஸ்னு இன்னொரு மெத்தட் இருக்கு, அது கிடைக்கலைன்னா எர்ரர் போடும். நான் எப்பவும் அதைத்தான் எடுப்பேன்.

ஜூன் 4, இரவு

ஒருத்தர் கீழ கேட்டிருக்கார், 'நல்லைக் கண்டுபிடிச்சவரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரே, அப்புறம் எதுக்கு வெறுமையே, தூக்கிடுங்க'ன்னு.

டோனி ஹோர் 1965ல ஆல்கால் டபிள்யூ மொழிக்கு நல் ரெஃபரன்ஸ் சேர்த்தார், 2009ல லண்டன்ல ஒரு மாநாட்டுல அதைத் தன்னோட நூறு கோடி டாலர் தப்புன்னார். சரி. ஆனா அவர் பேச்சை எடுத்துக்காட்டறவங்க பாதிப் பேர் ஒரு விஷயத்தை விட்டுடறாங்க. காலின்னு ஒரு மதிப்பு இருந்தது பிரச்சினை இல்ல, எல்லா ரெஃபரன்ஸுக்குள்ளயும் கேட்காமலே அது நுழைய முடிஞ்சதுதான் பிரச்சினை. ஸ்ட்ரிங்னு அறிவிச்சுட்டு உள்ள ஸ்ட்ரிங் இருக்குன்னு நம்ப முடியலைன்னா அந்த அறிவிப்புக்கு என்ன மரியாதை?

ஆல்காலுக்கு அப்புறம் வந்த சில மொழிகள் காலியைத் தூக்கலை, வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்டுச்சு. ஹாஸ்கெல்ல மேபி, ரஸ்ட்ல ஆப்ஷன், ஸ்விஃப்ட் 2014ல வரும்போதே ஆப்ஷனலோட வந்துச்சு, டைப்ஸ்கிரிப்ட் 2016ல 2.0 பதிப்புல கண்டிப்பு செட்டிங் கொண்டு வந்துச்சு, சி ஷார்ப் 2019ல, டார்ட் 2021ல. எல்லாத்துலயும் சாரம் ஒண்ணுதான்: இது காலியா இருக்கலாம்னு டைப்லயே எழுது, எழுதினா, திறந்து பார்க்காம உள்ள கை வெச்சா கம்பைலர் கேட்கும்.

ஜாவாலயும் 2014ல ஆப்ஷனல் வந்துச்சு, ஆனா அந்த ஆப்ஷனல் வேரியபிளே நல்-ஆ இருக்கலாம். பூட்டு போட்ட பெட்டி வாங்கி வெச்சு, பெட்டியையே யாரோ தூக்கிட்டுப் போன கதை.

ஜூன் 6

பழைய விஷுவல் பேசிக்ல வேலை பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? எம்ப்டி, நல், நத்திங், மிஸ்ஸிங். நாலு. நாலுக்கும் தனித்தனியா சோதிக்கணும். கேள்வி கேட்டவர் ஒண்ணு போதும்னதுக்கு எதிர்ப்பக்கம் போனா இங்கதான் வந்து நிக்கும், அதனால நான் நிறைய வெறுமை வேணும்னு சொல்றதா நினைச்சுக்காதீங்க.

ஜூன் 7

மூணாவது முடிவு, கணக்கு. வெறுமையோட எதைச் சேர்த்தாலும் வெறுமைன்னா, டேட்டாபேஸ்ல கேள்வி கேட்கற எஸ்கியூஎல் மொழி போன வழியிலேயே போறீங்க. அது எங்க கொண்டு விடும்னு சொல்றேன்.

எஸ்கியூஎல்ல நல் = நல் உண்மையும் இல்ல பொய்யும் இல்ல, 'தெரியாது'. தனியா பார்த்தா நியாயமாத்தான் இருக்கு, ரெண்டு பேர் வயசும் தெரியாதுன்னா ரெண்டும் ஒண்ணான்னு எப்படிச் சொல்றது. ஆனா அது வெளிய வந்து வேலை செய்யும்போது பாருங்க. ஒரு மெயில் அனுப்பற ஜாப். 'வேண்டாம்னு சொன்னவங்க டேபிள்ல ஐடி இல்லாத எல்லாரையும் எடு'ன்னு நாட் இன் போட்ட க்வெரி. மாசக்கணக்கா நல்லா ஓடிட்டிருந்தது. ஒருநாள் ஜாப் 'வெற்றி'ன்னு முடியுது, அனுப்பின எண்ணிக்கை 0. எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல. க்வெரியை எடுத்துக் கையால ஓட்டினா ஒரு வரிகூட வரலை. அந்த வேண்டாம் டேபிளைத் திறந்து பார்த்தா ஒரே ஒரு வரில ஐடி நல். யாரோ தன் அக்கவுண்டை அழிச்சிருக்கார், அழிச்சா ஐடியை நல் ஆக்குன்னு ஃபாரின் கீல (வேற டேபிள் வரியைச் சுட்டற ஐடி) செட் பண்ணியிருந்தது, அவ்வளவுதான். நாட் இன் உள்ளுக்குள்ள 'முதல் ஐடி இல்ல, ரெண்டாவது ஐடி இல்ல, நல் இல்ல'ன்னு வரிசையா அன்ட் போட்டுச் சோதிக்கும், நல்லோட ஒப்பிட்டதுமே 'தெரியாது', ஒரு தெரியாது கலந்துட்டா மொத்தமும் உண்மையாகவே ஆகாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ்க்கு மாத்தினதும் சரியாயிடுச்சு.

ஆக எர்ரர் வராத மொழிங்கறது இதுதான். ஒரு நல், மொத்த லிஸ்ட்டும் காலி, பச்சை டிக்.

ஜூன் 7, இரவு

'தெரியாதுன்னா பொய்யாத்தானே எடுத்துக்குது, அதுல என்ன குழப்பம்'னு ஒரு பதில் வந்திருக்கு. எல்லா இடத்துலயும் அப்படி இல்ல. வேர் கண்டிஷன்ல உண்மையா இருந்தாத்தான் வரி உள்ள வரும், அதனால தெரியாது வெளிய நிக்கும். வரியைச் சேர்க்கும்போது சோதிக்கற செக் கன்ஸ்ட்ரெயின்ட்ல பொய்யா இருந்தாத்தான் தடுக்கும், அதனால தெரியாது உள்ள வந்துடும். வயசு 18க்கு மேலன்னு செக் போட்டு வெச்சிருப்பீங்க, வயசு நல்னா கேள்வி கேட்காம ஏறிக்கும். குரூப் பை பண்ணினா எல்லா நல்லும் ஒரே குழுவா சேர்ந்துக்கும், அதாவது இங்க எல்லாம் சமம். யுனிக் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக்கூடாதுங்கற விதி) போட்டா போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல எத்தனை நல் வேணா வரலாம், மைக்ரோசாஃப்டோட எஸ்கியூஎல் சர்வர்ல ஒண்ணுதான், போஸ்ட்கிரெஸ் 15ல (2022) எது வேணும்னு நீங்களே சொல்லிக்கற வசதி வந்துச்சு. கவுண்ட் காலி டேபிளுக்கு 0 சொல்லும், சம் அதே டேபிளுக்கு நல் சொல்லும்.

ஆரக்கிள்ல காலி ஸ்ட்ரிங்கே நல். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை.

ஜூன் 8

ஆர் மொழி பழகினவர் ஒருத்தர் 'பரவற வெறுமை எங்களுக்கு நல்லாத்தானே வேலை செய்யுது'ங்கறார். ஒத்துக்கறேன், அங்க அது பொருந்தும். ஆர்ல ரெண்டு இருக்கு, என்ஏ ஒண்ணு, நல் ஒண்ணு. 1, என்ஏ, 2 சேர்த்து வெக்டர் பண்ணினா நீளம் 3. 1, நல், 2 சேர்த்தா நீளம் 2. ஒண்ணு 'இடம் இருக்கு, அளவு தெரியலை', இன்னொண்ணு 'இடமே இல்ல'. சராசரி எடுத்தா என்ஏ வந்து முகத்துல நிக்கும், விட்டுட்டுக் கணக்குப் போடணும்னா நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். புள்ளிவிவர மொழிக்கு இது சரியான முடிவு. தெரியாததை 0ன்னு எழுதி சராசரி எடுக்கறதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனா கேள்வி கேட்டவர் எழுதறது ஃபைல் நகர்த்தற, டெக்ஸ்ட் வெட்டற ஸ்கிரிப்ட் மொழி. அதுல வெறுமை + 5 வந்தா அது அளவுத் தரவு இல்ல, பக். அங்கேயே நிறுத்தணும், எந்த வேரியபிள் காலின்னு பேரோட சொல்லணும். ஜாவா கூட 2020ல 14ம் பதிப்புலதான் நல்பாயின்டர் எர்ரர்ல எது நல்னு சொல்ல ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் வரி எண் மட்டும்தான், ஒரே வரில நாலு புள்ளி வெச்சு எழுதியிருந்தா எதுன்னு ஜோசியம்தான் பார்க்கணும்.

ஜூன் 10

ரெண்டு மூணு நாளா ஒண்ணு மனசுல ஓடிட்டே இருக்கு. ஏன் காலிங்கற காரணத்தை எங்க வெக்கறது?

ஃபோன் நம்பர் ஃபீல்டு காலி. கேட்கவே இல்ல, கேட்டோம் தரலை, அவர்கிட்ட ஃபோனே கிடையாது, நம்பர் இருக்கு ஆனா பார்க்க உங்களுக்கு அனுமதி இல்ல. நாலுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேற வேற. டேட்டாபேஸ் கோட்பாட்டை எழுதின எட்கர் காட் 1990ல ரெண்டு வகைக் குறி வேணும்னார்: பொருந்தும் ஆனா விடுபட்டது, பொருந்தவே பொருந்தாதது. யாரும் கேட்கலை, ஒரு நல்லையே சமாளிக்க முடியலைங்கறப்ப ரெண்டுன்னா உண்மை பொய்யோட சேர்த்து நாலு லாஜிக் மதிப்பு ஆயிடும்.

முதல்ல நான் உங்களுக்கு வெறுமைக்குள்ளயே காரணம் வெக்கச் சொல்லலாம்னு நினைச்சேன், வெறுமை(கேட்கலை), வெறுமை(மறுத்துட்டார்) மாதிரி. எழுதிப் பார்த்தா உடனே கேள்வி வருது: இந்த ரெண்டும் சமமா? மேப்ல கீயா போடலாமா? சும்மா வெறுமைன்னு ஒப்பிட்டா ரெண்டும் மாட்டுமா? எந்தப் பதில் சொன்னாலும் யாருக்காவது குழி. வேண்டாம். வெறுமை ஒண்ணே இருக்கட்டும், ஊமையா இருக்கட்டும். காரணம் முக்கியம்னு தோணற இடத்துல அதுக்கு வெறுமையே போடாதீங்க, ஃபோன் நிலைன்னு ஒரு சாதாரண மதிப்பு வெச்சு நாலு பேரையும் எழுதுங்க. ரஸ்ட், ஸ்விஃப்ட் ஈனம்ல (பேர் வெச்ச சில மதிப்பை மட்டும் எடுக்கற டைப்) இது இன்னும் சுத்தமா வரும், நாலுல ஒண்ணைக் கவனிக்காம விட்டா கம்பைலரே கேட்கும்.

ஜூன் 13

மொழிக்குள்ள எவ்வளவு சுத்தமா வெச்சாலும் வெளிய போகும்போது போயிடுது, இதைப் பத்தி யாருமே பேசலையே.

ப்ரோக்ராமுங்க தரவைப் பரிமாறிக்கற ஜேசன் வடிவத்துல காலிக்கு நல் ஒண்ணுதான். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்ல அன்டிஃபைன்ட் இருந்தா ஜேசனா மாத்தும்போது அந்தக் கீயே காணாமப் போகும், அதே அன்டிஃபைன்ட் லிஸ்ட்ல இருந்தா நல்-ஆ மாறும், எண் இல்லாததைக் குறிக்கற நேனும் நல்-ஆ மாறும். மூணு விதமா உள்ள போய் ஒண்ணு நல்-ஆ, ஒண்ணு நல்-ஆ, ஒண்ணு ஆளே இல்லாம வெளிய வருது.

கோ மொழில நில் ஸ்லைஸும் காலி ஸ்லைஸும் (ஸ்லைஸ்னா அங்க லிஸ்ட்) உள்ளுக்குள்ள அண்ணன் தம்பி மாதிரி, ரெண்டுக்கும் நீளம் 0, லூப்பும் ரெண்டுலயும் ஓடும். ஜேசனா அனுப்பினா ஒண்ணு `நல்`, இன்னொண்ணு `[]`. பேக்கெண்ட்ல எல்லா டெஸ்ட்டும் பாஸ், மொபைல்ல அந்தப் பக்கத்தைத் திறந்தா வெள்ளைத் திரை, ஏன்னா ஆப் பக்கம் லிஸ்ட்டோட நீளத்தைக் கேட்குது, அங்க லிஸ்ட் இல்ல நல் இருக்கு. இது புது ஆளுக்குத்தான் நடக்கும்னு நினைக்காதீங்க, ஆர்டர் எதுவும் இல்லாத புது கஸ்டமர் வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் நடக்கும்.

அப்டேட் ஏபிஐ (வெளில இருந்து ஒரு பதிவைத் திருத்தச் சொல்ற வழி) இன்னொரு தலைவலி. 'இந்த ஃபீல்டைத் தொடாதே', 'இதை அழி', 'இதை இப்படி மாத்து', மூணு வேணும். 2014ல வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச் விதில கீ இல்லைன்னா தொடாதே, நல்னா அழி. நல்லா வேலை செய்யும், ஆனா ஒரு ஃபீல்டோட மதிப்பா நல்லையே வைக்கணும்னா அதுல வழி இல்ல. சரி, மொழிப் பக்கம் இந்த மூணையும் எப்படிப் பிடிக்கறது? ரஸ்ட்ல ஆப்ஷனுக்குள்ள ஆப்ஷன் வைக்கலாம், வெளிய காலி வேற, உள்ள காலி வேற. காட்லின்ல டைப்புக்குப் பின்னால கேள்விக்குறி போட்டா காலியா இருக்கலாம்னு அர்த்தம், ஆனா ரெண்டு போட்டாலும் ஒண்ணாத்தான் சுருங்கும். கேள்விக்குறி எழுத சுலபம், ஆனா அடுக்க முடியாது. இதைத் தேர்ந்தெடுக்கும்போது தெரிஞ்சே தேர்ந்தெடுங்க.

பைத்தானோட டேபிள் லைப்ரரி பாண்டாஸும் சொல்லிடறேன். எண் நெடுவரிசைல ஒரே ஒரு செல் காலின்னா மொத்த நெடுவரிசையும் தசம எண்ணா மாறிடும், 1001ங்கற ஐடி 1001.0 ஆகும், அதை ஸ்ட்ரிங்கா ஆக்கி இன்னொரு டேபிளோட சேர்த்தா ஒண்ணும் பொருந்தாது. காலியை ஏத்துக்கற இன்டிஜர் டைப் 2019லதான் வந்துச்சு, அதையும் நீங்களா கேட்டாத்தான் வரும். கமா போட்டுப் பிரிச்ச சிஎஸ்வி ஃபைல் பத்திக் கேட்காதீங்க. போஸ்ட்கிரெஸ் சிஎஸ்வி படிக்கும்போது ஒண்ணுமே இல்லாத இடம்னா நல், வெறும் மேற்கோள்குறி இருந்தா காலி ஸ்ட்ரிங்னு பிரிக்குது, வேற எந்த டூல்ல திறந்து சேவ் பண்ணினாலும் அந்த வித்தியாசம் அப்படியே நிக்கும்னு எந்த நிச்சயமும் கிடையாது.

ஜூன் 14

'ஆப்ஷன் எல்லாம் மெமரி தின்னும்'னு வந்த பதிலுக்கு: ரஸ்ட்ல ரெஃபரன்ஸுக்கு ஆப்ஷன் போட்டா ஒரு பைட் கூட அதிகமாகாது, ரெஃபரன்ஸ் எப்பவும் சைபர் முகவரியா இருக்காதுங்கறதால அந்த சைபரையே காலிக்கு எடுத்துக்கும். 32 பிட் எண்ணுக்குப் போட்டா 4 பைட் 8 ஆகும், அது உண்மை. சைபர் வராத எண்ணுக்குன்னு தனி டைப் இருக்கு, அதுக்குப் போட்டா மறுபடி 4 தான்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் முடிவைச் சொல்லியிருக்கார், சுருக்கமா போடறேன்: இஃப்ல வெறுமையும் பொய்யும் மட்டும் பொய், இல்லாத கீக்கு எர்ரர், `எடு(கீ, மாற்று)`ன்னு கேட்டா மாற்று மதிப்பு, கணக்குல வெறுமை வந்தா வேரியபிள் பேரோட எர்ரர், `??` உண்டு. எனக்கு சம்மதம். ஃபங்ஷனுக்கு டிஃபால்ட் மதிப்பு எப்ப வரணும்னு கேட்கறார். ஆர்க்யுமென்ட்டே கொடுக்காதப்ப மட்டும். வெறுமைன்னு எழுதிக் கொடுத்தா வெறுமையாவே உள்ள போகட்டும், கொடுத்தவன் தெரிஞ்சுதான் கொடுத்திருக்கான். கொடுக்கலைங்கறதை இன்டர்பிரெட்டர் தனக்குள்ள மட்டும் ஒரு குறியா வெச்சுக்கட்டும், அதை மொழிக்குள்ள எட்டிப் பார்க்க விடாதீங்க, விட்டீங்கன்னா ரெண்டாவது வெறுமை பிறந்துடும், ஜாவாஸ்கிரிப்ட்ல நடந்தது அதுதான்.

ஜூன் 19, இரவு

பிரின்ட்: வெறுமையை பிரின்ட் பண்ணினா ஒண்ணுமே காட்டாம விடாதீங்க, 'வெறுமை'ன்னு எழுத்துல வரணும். ஆனா ஸ்ட்ரிங்கோட ஒட்டும்போது வரக்கூடாது, அங்க எர்ரர் போடுங்க, இல்லாட்டி 'அன்புள்ள வெறுமை அவர்களுக்கு'ன்னு மெயில் போகும்.

சார்ட் மட்டும் பாக்கி. போஸ்ட்கிரெஸ் நல்லை எல்லா மதிப்பையும்விடப் பெரிசா எடுத்துக்கும், ஏறுவரிசைல கடைசில வரும். மைசீக்வெலும் எஸ்கியூலைட்டும் சின்னதா எடுத்துக்கும், முதல்ல வரும். பைத்தான் 3 வெறுமை கலந்த எண் லிஸ்ட்டை சார்ட் பண்ணவே மாட்டேங்கும், எர்ரர் போடும். நீங்களும் எர்ரரே போடுங்க, கூடவே `வெறுமை_கடைசி`ன்னு ஒரு ஆப்ஷன் கொடுத்துடுங்க. முதல்ல வரணும்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல.